மறுபக்கச் சடை

விடுதி வராந்தாவில் சாய்வெயில் விழுந்து கிடக்கிறது, பாருங்கள் கண்ணுகளா. கடல் கடந்து திருச்சபையோடு ஊழியத்துக்கு வந்த நர்ஸ், தாய் தகப்பன் இல்லாத ஒரு சிறுமிக்கு இரட்டைச் சடை பின்னிக்கொண்டிருக்கிறாள். ஒரு சடை முடிந்து ரிப்பனும் கட்டியாயிற்று. மறுபக்க முடியைச் சிறுமி இரண்டு கையாலும் பொத்திக்கொள்கிறாள். "இது நாளைக்குக்கா." நர்ஸை ஊருக்கு ஏற்றிப்போக வாசலில் வேன் உறுமிக்கொண்டு நிற்கிறது, அவள் பெட்டிகள் ஏறிவிட்டன. "போன தடவை வந்த அக்காவையும் இப்படித்தான் பிடிச்சு வெச்சா, கள்ளி!" என்று வெங்காயம் உரித்தபடி சமையல்காரம்மா சிரிக்கிறாள். நர்ஸின் கையில் சீப்பு அசையாமல் நிற்கிறது. நாளைக்கு வருகிறேன் என்று பொய்யாக ஒரு வார்த்தை சொன்னால் போதும், பிள்ளை சிரித்துக்கொண்டே வழியனுப்பிவிடும். "நாளைக்கு நான் இருக்க மாட்டேன்டா தங்கம்." சிறுமி வேனைப் பார்க்கிறாள். பிறகு கைகளை எடுத்துவிட்டுத் தலையைத் திருப்பிக் கொடுக்கிறாள். "அப்போ மெதுவா பின்னுங்கக்கா."