விருந்தாளிக்குச் சுட்டது

மெல்பர்னில் யூத வீட்டில் பிறந்து, அறுபது வயது தாண்டும்வரை பன்றி விற்கிற கடைப்பக்கம்கூடத் தலைவைத்துப் படுக்காத ஸல்மன், ஃபிஜித் தீவில் ஒரு பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்து, சுட்ட பன்றித் துண்டு ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார்.

பன்றியை விலக்கிச் சட்டம் தந்த மோசேயே மலையிலிருந்து இறங்கிவந்து எதிரில் நின்றதுபோல் விழித்தாள் மனைவி பெய்லா.

"துப்புங்க!" என்றாள், விருந்து வைத்த மெரெசேனிக்குப் புரியாத தங்கள் யித்திஷ் மொழியில்.

"எப்படித் துப்பறது? அந்தம்மா என் வாயையே பார்த்துக்கிட்டு நிக்குது."

"பாலும் கறியும் சேரக்கூடாதுன்னு, பால் கரண்டி கறிச்சட்டியில பட்டதுக்கே சட்டியைத் தூக்கிப் போட்டவங்க உங்கம்மா!"

"அம்மா இந்த வாசனையைப் பார்த்ததில்ல."

"'எது கொடுத்தாலும் சாப்பிடுவோம்'னு சொல்லிவெச்சது யாரு?"

"தொந்தரவு வேணாமேன்னு சொன்னேன். மீனாத்தான் இருக்கும்னு நெனச்சேன். குழி தோண்டி, கல்லைக் காயவெச்சு, காலையிலேர்ந்து அனல்ல கிடந்திருக்கா. வேணாம்னா அந்த முகம் என்ன ஆகும்?"

மெரெசேனி இலைப் பொட்டலத்திலிருந்து இன்னும் நாலைந்து துண்டுகளை வைத்தாள். கொழுப்பு மினுங்கியது. ஸல்மன் கை தானாகப் போயிற்று.

"இந்தத் துண்டும் மரியாதைக்குத்தானா?"

"மொதல் துண்டு மரியாதைக்கு. இது... நல்லாருக்கு பெய்லா!"

"தாடியில வழியுது, தொடைங்க." பெய்லா வெந்த கிழங்கை வெடுக்கென்று கடித்தாள்.

வயிறு நிறைந்ததும் ஸல்மனுக்கு மனசும் நிறைந்துவிட்டது. "நீயும் உட்காரும்மா" என்று ஒரு துண்டை மெரெசேனியிடம் நீட்டினார்.

அவள் பதறிப் பின்வாங்கினாள்.

"ஐயோ, வேணாங்க ஐயா! எங்க சபையில பன்னியைத் தொடவே கூடாது. ஊர்ல ஒரு வீட்லயும் கிடையாது. உங்க ஊர்க்காரங்களுக்கு உசுருன்னு சொன்னாங்க. அக்கரையில சொல்லி வாங்கி, போதகர் கண்ல படாம வீட்டுக்குப் பின்னால குழி வெட்டி, மூக்கைப் பொத்திக்கிட்டுச் சுட்டேன்."

கொஞ்சம் தயங்கிக் கேட்டாள்: "நான் ருசி பார்க்கவும் வழியில்ல. சரியா வரலையோ? அம்மா தொடவே இல்லையே..."

ஸல்மன் நீட்டிய துண்டைத் திரும்ப இலையிலேயே வைத்தார்.

பெய்லா கிழங்கைக் கீழே வைத்தாள். இருந்ததிலேயே பெரிய துண்டாகப் பார்த்து எடுத்து வாயில் போட்டு, கண்ணை இறுக மூடி, மென்று விழுங்கினாள்.

"எங்க வீட்ல தெனமும் இதுதாம்மா. என்ன செஞ்சும் இந்தப் பக்குவம் எனக்கு வந்ததே இல்ல!"