வளைகளின் இறையாண்மை

அரசியல் தத்துவம் படித்த மைனா ஒன்று, சதுப்பு நிலத்து நண்டிடம் மூன்று வருஷம் கேள்வி கேட்டது. எந்த வளையில் யார் இருக்கிறார்கள், கோடையில் எது ஈரமாயிருக்கும், பின்வாசல் எங்கே என்று எல்லாவற்றையும் குறித்துக்கொண்டது.

"உங்க உரிமைக்காகத்தான் எழுதறேன்" என்றது. நண்டும் நம்பிச் சொன்னது.

புத்தகம் வந்தது. சும்மா இல்லை, நானூறு பக்கம். கடைசியில் மடித்து வைத்த வரைபடம் வேறு. வெளியீட்டு விழாவுக்குத் தலைமை தாங்கி முதல் பிரதியைப் பெற்றுக்கொண்டவர் நரியார்.

மறுநாள் விடிந்ததும் நண்டு நொண்டிக்கொண்டு வந்தது. இரண்டு கால்கள் இல்லை.

"அக்கா! நரி நேரா எங்க பின்வாசலுக்கே வந்துடுச்சு! என் தங்கச்சிங்க ரெண்டு பேரையும் தின்னுடுச்சு!"

மைனா அதிர்ந்துபோனது. "நரியாரா? மேடையில கண்கலங்கிப் பேசினாரே! வளைக்குள்ள நுழைய யாருக்கும் உரிமை இல்லைன்னு மூணாம் அத்தியாயம் முழுக்க வாதாடியிருக்கேனே!"

"அத்தியாயத்தை யார் படிச்சா? படத்தை மட்டும் கிழிச்சு எடுத்துட்டு வந்திருக்கு. நண்டு கொழுத்தா வளையில தங்காதும்பாங்க. நாங்க கொழுக்கவே இல்லையேக்கா!"

மைனா நோட்டையும் பென்சிலையும் எடுத்தது.

"அநியாயம்! இதை ரெண்டாம் பதிப்புல சேர்த்தே ஆகணும். சொல்லு, மிச்சமிருக்கிறவங்க இப்போ எங்கே ஒளிஞ்சிருக்கீங்க?"

நண்டு கொடுக்கை நீட்டி, பென்சிலை இரண்டாக நறுக்கியது.