எதிராளியின் இரை

“இதைச் செய்தது ஆரெண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லத் தேவையில்லை, பிள்ளை. நகுலேஸ்வரன்ரை கைவேலை.”

கடைக்குள் கால் வைத்ததும் ஞானசேகரம் சொன்ன முதல் வார்த்தை அது. மேசையில் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் பெட்டி திறந்திருந்தது. அதற்குள் உப்பும் சீனியும் சாயமும் போட்டுப் பதப்படுத்திய சால்மன் முட்டைகள் சிவப்பாக மினுங்கின.

இத்தாலியில், போர்கோ வெக்கியோச் சந்தைக்குப் பக்கத்தில் உள்ள அந்தத் தூண்டில் கடையில், மலை ஏரிகளுக்கு மீன் பிடிக்கப் போகிறவர்கள் இரைக்கு வாங்குவது இந்த முட்டைகளைத்தான். அவற்றைப் பதப்படுத்தித் தரும் இருவரில் இனிமேல் ஒரே ஆளிடம் எடுப்பது என்று முதலாளி கார்மெலோ முடிவு செய்திருந்தார். ஞானசேகரமா, நகுலேஸ்வரனா என்பது இன்று தெரியும். கிடைத்தால் ஞானசேகரம் மாடிப்படி கழுவும் வேலையை விட்டுவிடலாம்.

காலையிலேயே தன் முட்டைகளை ஒரு கண்ணாடிப் போத்தலில் கொண்டுவந்து, கடையில் வேலை செய்யும் பவளராணியிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். இப்போது அந்தப் போத்தலைக் காணவில்லை. குளிர்ப்பெட்டிக்குள் பத்திரமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

“அண்ணை, இது...” என்று தொடங்கினாள் பவளராணி.

“நீ பொறு. புழு விக்கிற உனக்கு முட்டையைப் பற்றி என்ன தெரியும்?” ஒரு முட்டையை எடுத்து நசித்தார். “பார், மூக்குச்சளி மாதிரி. சாயத்தைப் பார். ஐஸ்பழம் விக்கிறவன்கூட இப்பிடிக் கொட்டமாட்டான்.”

“ஒருக்கா நான் சொல்லுறதைக் கேளுங்கோ...”

“மணந்து பார்! பெருஞ்சீரகம். அது என்ரை ரகசியம். என்ரை மனுசிக்கே சொல்லேல்லை, அந்தக் கள்ளனுக்கு எப்பிடித் தெரிஞ்சது?”

சத்தம் கேட்டு உள்ளேயிருந்து கார்மெலோ வந்தார். இவர் என்ன சொல்கிறார் என்று பவளராணியிடம் கேட்டார். ஞானசேகரத்தின் இத்தாலியன் வாளி, தும்புத்தடி, ‘சி, சிஞ்ஞோரா’ என்கிற ‘ஓம், அம்மா’ ஆகியவற்றைத் தாண்டாது.

“சொல்லு பிள்ளை. இதைப் போட்டால் மீன் வராது, பூனைதான் வரும் எண்டு சொல்லு.”

“வேண்டாம் அண்ணை.”

“ஏன், அவன் உனக்கு மச்சானோ? ஒரு சொல்லும் விடாமல் சொல்லு!”

பவளராணி அவரை ஒருதரம் பார்த்தாள். பிறகு ஒரு சொல்லும் விடாமல் சொன்னாள்.

கார்மெலோவின் புருவம் உயர்ந்தது. பெட்டியைக் காட்டி, உண்மையாகவா என்பதுபோல ஞானசேகரத்தைப் பார்த்தார்.

“சி, சி!” என்றார் ஞானசேகரம், மூக்கைப் பொத்திக்கொண்டு.

கார்மெலோ பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் வாசலில் இருந்த குப்பைத்தொட்டிக்குள் கவிழ்த்தார். திரும்பி வந்து ஞானசேகரத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பவளராணியிடம் ஏதோ சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ஞானசேகரத்துக்கு வாயெல்லாம் பல். “என்னவாம்? எப்பவிலையிருந்து கொண்டு வரட்டாம்?”

“நகுலேஸ்வரன் அண்ணையைத்தான் கொண்டு வரச் சொல்லட்டாம்” என்றாள் பவளராணி. “அந்தப் பெட்டியிலை இருந்தது உங்கடை போத்தலிலை இருந்து நான் மாத்தி வைச்சது. செய்த நீங்களே கூடாதெண்டு சொன்ன பிறகு, தான் என்னெண்டு எடுக்கிறதாம்?”