வலது கண்ணுக்கு மட்டும்

“அப்பா, உண்மையைச் சொல்லுங்கோ. கண்மயிருக்கு என்ன பூசுறியள்?”

அறுபது வயது அப்புத்துரை, வாயில் வைத்த பிட்டை விழுங்க மறந்து மகளைப் பார்த்தார். அவருடைய வலது கண்ணில் மட்டும் இமைமயிர் கறுகறுவென்று வளர்ந்து, நுனியில் அழகாகச் சுருண்டு நின்றது. இடது கண் பாவம், அக்கராயன் விவசாயி ஒருவரின் கண்ணாகவே இருந்தது.

“ஒண்டும் பூசேல்லைப் பிள்ளை.”

“அப்ப பிரிட்ஜிலை தயிர்ச் சட்டிக்குப் பின்னாலை ஒளிச்சு வைச்சிருக்கிற குட்டிப் போத்தில் என்ன? லேபிளையும் கிழிச்சிருக்கிறியள்!”

அப்புத்துரை பிட்டை விழுங்கினார்.

“ஓம், கண்மயிர் வளர்க்கிற மருந்துதான். உன்ர கலியாணப் படத்திலை நானும் வடிவா நிக்கோணுமெல்லே?”

“அதுக்கேன் ஒரு கண்ணுக்கு மட்டும்?”

“புது விதைநெல் வந்தால் முழு வயலிலையும் விதைக்கிறதே? முதல்ல ஒரு துண்டிலை போட்டுப் பாக்கிறேல்லையே?”

ஜெயரூபிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த நொடியே கோபமும் வந்தது.

“அம்மா செத்து மூண்டு வருசம். மகளை அனுப்பிப்போட்டு மனிசன் தனக்குப் பொம்பிளை பாக்கப்போகுதாம் எண்டு ஊரெல்லாம் கதை. மாப்பிள்ளை வீட்டாற்ற காதுக்குப் போனால் நான் என்னத்தைச் சொல்லுறது?”

“சிரிக்கிறவை சிரிச்சிட்டுப் போகட்டும்.”

‘அப்பாவைத் தனிய விட்டிட்டுப் போகமாட்டன்’ என்று வந்த இரண்டு சம்பந்தங்களைத் தட்டிக் கழித்தவள் அவள். மூன்றாவதாக வந்த வவுனியா மாப்பிள்ளைக்குத்தான் ஒருவழியாகத் தலையாட்டியிருந்தாள். கலியாணத்துக்கு இன்னும் பன்னிரண்டே நாள். அந்த அப்பா இப்படிச் சந்தி சிரிக்க வைக்கிறாரே என்று அவளுக்கு ஆற்றாமையாக இருந்தது.

இத்தனைக்கும், ஸ்கந்தபுரம் சந்தியில் அவளே ஒரு பார்லர் வைத்திருக்கிறாள். ‘நீண்ட, அடர்த்தியான இமைமயிருக்குச் சிறப்புச் சிகிச்சை’ என்று வாசலில் எழுதியும் போட்டிருக்கிறாள். அந்தப் பார்லர் மருந்தை மூன்று மாதம் தனக்கே பூசிப் பார்த்ததில் விளைச்சல் பெரிதாக ஒன்றுமில்லை.

மறுநாள் மேனுகா பார்லருக்கு வந்தாள். மாதம் தவறாமல் வருகிறவள்.

“அக்கா, உங்கட மருந்து எனக்கு வேண்டாம். உங்கட அப்பான்ர மருந்துதான் வேணும்.”

அன்றைக்கு அப்படிக் கேட்ட மூன்றாவது ஆள் மேனுகா. மானம் ஒரு பக்கம் இழுத்தது, வியாபாரம் ஒரு பக்கம் இழுத்தது. ஜெயரூபி வியாபாரத்தின் பக்கம் சாய்ந்தாள். பின்னேரம் கடையைப் பூட்டி, வீட்டுக்குப் போய், அப்பா வயலால் வருமுன் போத்தலை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டியில் கிளிநொச்சிக்குப் பறந்தாள். போத்தல் சுற்றியிருந்த பையில் அங்குள்ள மருந்துக்கடையின் பெயர் இருந்தது நல்லதாய்ப் போயிற்று.

“அண்ணை, இதிலை பத்துப் போத்தில் வேணும். பார்லருக்கு.”

பாமசிக்கார ரூபன் போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

“நீங்கள் அப்புத்துரை அண்ணையின்ர மகளோ?”

“ஓம்.”

“தங்கச்சி, இது அழகுக்குப் பூசுறதில்லை. கண்ணுக்குள்ளை விடுறது. அவருக்கு வலது கண்ணிலை பிறசர் கூடிப்போச்சு. பின்னேரத்திலை ஒரு துளி, ஒரு நாளும் தவறக்கூடாது. தவறினால் பார்வை போயிடும். கண்மயிர் வளருறது அந்த மருந்தின்ர பக்கவிளைவு.”

ஜெயரூபி போத்தலைத் திருப்பி வாங்கிக் கைக்குள் பொத்திக்கொண்டாள்.

“ஏன் என்னட்டை மறைச்சவர்?”

“‘தெரிஞ்சால் பிள்ளை கலியாணத்தை நிப்பாட்டிப் போடும். தாலி ஏறும்வரைக்கும் ஊர் என்னைப் பாத்துச் சிரிக்கட்டும்’ எண்டவர். லேபிளையும் என்னைக் கொண்டுதான் கிழிப்பிச்சவர்.”

ஜெயரூபி சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள். மருந்து விடுகிற நேரம் தாண்டிவிட்டது. போத்தல் அவளுடைய கையில் இருக்கிறது!

ஸ்கூட்டி வந்த வேகத்தில் முற்றத்துக் கோழிகள் சிதறின. குசினியில் பிரிட்ஜ் திறந்து கிடந்தது. தயிர்ச் சட்டி நிலத்தில். மரக்கறி முழுவதையும் வெளியே இழுத்துப் போட்டு, தட்டுத் தட்டாகத் தடவிக்கொண்டிருந்தார் அப்புத்துரை.

“அப்பா, இந்தக் கதிரையிலை இருங்கோ. அண்ணாந்து பாருங்கோ. நான் விடுறன்.”

போத்தலை அவளுடைய கையில் கண்டதும் அவர் தடுமாறினார். “உனக்கேன் பிள்ளை இந்த வேலை...”

“கண்மயிர் வளர்க்கிறது என்ர தொழிலெல்லோ? அசையாதேங்கோ.”

ஒரு துளி, வலது கண்ணுக்குள் சரியாக விழுந்தது.

“கலியாணத்துக்குப் பிறகும் ஒவ்வொரு நாளும் மருந்து நேரத்துக்கு வவுனியாவிலையிருந்து வீடியோவிலை வருவன். எனக்கு முன்னாலைதான் விடோணும். எவ்வளவு வளந்திருக்கெண்டு நான் பாக்கோணும். விளங்குதே?”

அப்புத்துரைக்கு விளங்கிவிட்டது. அண்ணாந்த முகத்தை அவர் இறக்கவேயில்லை.

“என்னப்பா, மருந்து விடாத கண்ணிலையும் தண்ணி வருது?”

“பக்கத்து வயலெல்லே பிள்ளை, கசியும்தானே” என்றார் அப்புத்துரை.