கரகரப்பு

“புது ஹெட்போன்ப்பா. மெதுவா வெச்சா பேச்சு விளங்கல, சத்தத்தைக் கூட்டினா கரகரங்குது. மாத்திக் கொடு,” என்றார் பெரியவர் விறைப்பாக.

கடைக்காரர் தன் போனில் ஒரு பாட்டை முழுச் சத்தத்தில் ஓடவிட்டு, ஹெட்போனை அவர் காதில் மாட்டினார். கணீரென்று கேட்டது.

“நல்லாத்தானே இருக்கு? நீங்க எதைக் கேட்டீங்க?”

பெரியவர் தயங்கினார். “வீட்டு விஷயம். என் தம்பி அனுப்பின வாய்ஸ் மெசேஜ். குடும்ப மானத்தை வாங்கினவன்னு பன்னிரண்டு வருஷமா நான் ஒதுக்கி வெச்சவன். இப்ப என்ன திமிரா பேசியிருக்கான்னு தெரியணும்.”

வேறு வழியில்லாமல் போனை நீட்டினார். கடைக்காரர் கேட்டுவிட்டு, ஹெட்போனை மெல்லக் கழற்றினார்.

“இதுல கோளாறு இல்லைங்க ஐயா. அவர் அழுதுக்கிட்டே பேசுறார்.”

“எங்க வீட்டு ஆம்பளைங்க அழமாட்டாங்க,” என்றார் பெரியவர்.

அவர் குரலும் கரகரத்தது.