கூடுதல் ஏழு ரூபாய்

"ஐயரே, ஏலக் கடனுல ஏழு ரூவா கூடுதலாக் கெட்டிட்டேன். திருப்பித் தரணும்."

ஆராதனை முடிந்து எழுந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். கேட்டவர் கருப்பட்டி வியாபாரி ஞானசிங்.

அறுவடைக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகைக்குக் காணிக்கையாக வரும் கோழி, தேங்காய், வாழைக்குலை எல்லாவற்றையும் கோயிலில் ஏலம் விடுவார்கள். அன்றைக்கு வீராப்பாகக் கேட்டு எடுத்துவிட்டு, காசைப் பிறகு கட்டலாம். கட்டாதவர் பெயரைச் சபை முன்னால் வாசித்து மானத்தை வாங்கிவிடுவார்கள். ஆனால் கட்டியதைத் திருப்பிக் கேட்ட ஆள் புதுக்கடைப் பக்கம் இதுவரை பிறக்கவில்லை.

போதகர் இஸ்ரவேல் பொறுமையாகக் கேட்டார். "பழைய சக்கரக் காசு போயி அணா வந்த குழப்பத்துல கணக்குத் தப்பிச்சா?"

"தப்பிச்சுன்னே வையுங்க."

"சரி, கர்த்தருக்குள்ளதா இருந்துட்டுப் போகட்டுமே."

"என் கடனைத் தனியாக் கெட்டியாச்சு, ஐயரே. நாளைக்குச் சந்தை. கையில வேற காசு இல்ல."

ஞானசிங்கின் மனைவி லீலாபாய் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"கறவை ஆட்டை வித்து நானே கடனைக் கெட்டிட்டேன். கடவுளுக்குக் குடுத்ததைத் திருப்பிக் கேக்காரே, நாக்கு கூசலியா?" என்றாள் பின்வரிசையிலிருந்து ஜெயபாய். கணவனும் மகனும் போய்ச் சேர்ந்து, தனியாகக் கிடக்கிறவள்.

ஞானசிங் தலை நிமிரவில்லை. கையை மட்டும் நீட்டினார். பொருளாளர் சுந்தர்சிங் ஒரு வார்த்தை பேசாமல் எண்ணிக் கொடுத்தார்.

கூட்டம் கலைந்ததும் போதகர் பொருளாளரைப் பிடித்துக்கொண்டார். "நீரு ஏன் ஓய் வாயைத் திறக்கல?"

"அந்த ஏழு ரூவா ஜெயபாய்க்க கடன், ஐயரே. மகன் நட்டுட்டுச் செத்த வாழையில வந்த முதல் குலை. காணிக்கையாக் குடுத்துட்டு, அடுத்தவன் கைக்குப் போக மனசில்லாம அவளே ஏலத்துல எடுத்தா. ஞானசிங் ரகசியமா வந்து அந்தக் கடனைக் கெட்டினான். பேரைச் சொல்லக்கூடாதுன்னு சத்தியமும் வாங்கினான். மறுநாளே அவளும் ஆட்டை வித்துக் காசோட வந்து நிக்கா. வேண்டாம்னா யாரு கெட்டினதுன்னு கேப்பா. அடுத்தவன் காசை அவ தொடவும் மாட்டா. பேசாம வாங்கிட்டேன்."

செய்த தர்மத்தைக் கோயிலில் வந்து பிடுங்கிக்கொண்டு போவானா ஒருத்தன்? போதகருக்கு மனசு கசந்துபோயிற்று.

அடுத்த ஞாயிறு ஜெயபாய் ஒரு செம்பு ஆட்டுப்பாலோடு வந்தாள். முகத்தில் சிரிப்பும் இருந்தது, ஆத்திரமும் இருந்தது.

"அந்த ஞானசிங் செய்த வேலையைக் கேளுங்க, ஐயரே. சந்தையில வச்சு, அறுக்கக் கொண்டுபோனவன்கிட்ட, நான் வித்த அதே ஆட்டை ஏழு ரூவாய்க்கு வாங்கியிருக்காரு. அவரு வீட்டுல ஆட்டைக் கெட்ட எடமில்லியாம். எனக்க முற்றத்துல கெட்டிட்டு, 'பங்கு வாரத்துக்கு வளத்துத் தா'ன்னுட்டுப் போறாரு. பால் முழுக்க எனக்காம், குட்டியில பாதி அவருக்காம்! கோயில் காசைப் பிடுங்கினது போதாதுன்னு பாதிக் குட்டிக்குக் கணக்குப் பேசுகாரு. இப்பிடியும் ஒரு மனுசன் உண்டுமா?"

போதகர் செம்பை இரண்டு கையாலும் வாங்கினார். அதை மேசைமேல் பத்திரமாக வைத்தார்.

"இல்ல மக்கா. நானும் இப்பிடி ஒரு மனுசனை இதுவரை கண்டதில்ல."