கயிறு பிடித்தவன் முகம்

"ஏம்மா, உங்களுக்கு நெஞ்சுல கொஞ்சம்கூட ஈரம் இல்லையா?"

கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துக்கொண்டே முதலாளி கேட்டார். எட்டு மாத வயிற்றோடு எதிரே உட்கார்ந்திருந்த, படம் வரைகிற பெண்ணைத்தான் கேட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, படம் அப்படி.

கோட்டை முற்றுகையை வைத்து அவர்கள் ஒரு வீடியோ கேம் செய்துகொண்டிருந்தார்கள். கதை புருடா இல்லை. அறுநூறு வருஷத்துக்கு முன்னால் நடந்தது. கோட்டைக்குள் தானியம் தீர்ந்துகொண்டே வந்ததும், சண்டைக்கு உதவாத கிழடுகள், நோயாளிகள், பிள்ளைத்தாய்ச்சிகள் எல்லோருக்கும் 'வீண் வாய்கள்' என்று பேர் வைத்து வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டார்கள். வெளியே நின்ற எதிரிப் படையும் வழி விடவில்லை. நடுவில் இருந்த அகழிப் பள்ளத்திலேயே கிடந்து, புல்லைத் தின்று, ஒவ்வொருவராகச் செத்தார்கள்.

அந்தப் பள்ளத்தில் சில குழந்தைகளும் பிறந்தன. அப்போது மட்டும் மதில்மேல் இருந்தவர்களுக்கு மனசு கேட்கவில்லை. கூடையைக் கயிற்றில் இறக்கிப் பிள்ளையை மேலே தூக்கினார்கள். ஆசீர்வாதம் பண்ணிப் பேர் வைத்தார்கள். பிறகு அதே கூடையில் வைத்துத் திரும்பவும் பள்ளத்துக்கே இறக்கிவிட்டார்கள்.

அவள் வரைந்திருந்தது அந்தக் கூடை கீழே இறங்குவதை.

"நான் கற்பனை பண்ணலை சார். அந்தக் காலத்து ஆளே எழுதி வச்சிருக்கான்" என்றாள்.

எழுதி வைத்திருக்கத்தான் வேண்டும். ஒரு தாழ்ப்பாளை வரைவதற்குக்கூட நாலு பழைய புத்தகத்தைப் புரட்டுகிறவள் அவள். ஆபீஸில் அவளுக்குக் 'கல்வெட்டு' என்று பேர்.

"தூக்கின கைக்குத் திரும்ப இறக்க எப்படி மனசு வந்துச்சு? மனுஷங்களா அவங்க?" முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார். நடிப்பில்லை, நிஜமாகவே கலங்கிவிட்டார்.

அப்புறம்தான் இன்னொன்றைக் கவனித்தார். மதில்மேல் கயிற்றைப் பிடித்து இறக்குகிறவனுக்கு முகமே இல்லை. அந்த இடம் வெறும் வெள்ளையாக இருந்தது.

"அது மட்டும் பிடிபடலை சார். கொடூரமா போட்டுப் பாத்தேன், வெறி பிடிச்சவனா போட்டுப் பாத்தேன். எதுவும் ஒட்ட மாட்டேங்குது. இதோட பதினோரு முகம் அழிச்சாச்சு."

"முகமே வேண்டாம்மா. கூடை கீழ இறங்கவே கூடாது. என் கேம்ல ஒரு பச்சைப் பிள்ளையைப் பள்ளத்துல விட மாட்டேன்."

கூடியிருந்த ஆபீஸ்காரர்கள் கைதட்டாத குறை. நடந்ததை மாற்றினால் செத்தவர்களுக்கு என்ன மரியாதை என்று அவள் மட்டும் முணுமுணுத்தாள். பிள்ளை பெறப் போகிறவளுக்கு இத்தனை கல்நெஞ்சா என்று, பக்கத்து சீட்டு அக்கா அன்று மத்தியானம் அவளோடு சாப்பிடக்கூட உட்காரவில்லை.

குழந்தை பிறந்து மூன்று மாதம் கழித்து முதலாளி போன் பண்ணினார். பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வாங்க, நேரில் பேசுவோம் என்றார். அந்தப் 'பேசுவோம்' என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் வந்தாள். அவளுடைய வேலை ஒப்பந்தம் லீவில் இருந்தபோதே முடிந்திருந்தது. வீட்டுக்காரர் வேலை பார்த்த பட்டறையையும் மூடிவிட்டார்கள். இனி அந்தக் குடும்பத்துக்கு இவள் வேலை ஒன்றுதான், அது முதலாளிக்கும் தெரியும்.

ஐந்தாவது மாடியில் பலூன் கட்டி வைத்திருந்தார்கள். வாசலிலேயே பிள்ளையை வாங்கித் தலைக்கு மேலே தூக்கினார் முதலாளி. இன்னும் பேர் வைக்கவில்லை என்றதும், "அப்ப நான் வைக்கிறேன். இளவரசி. இந்த ஆபீஸுக்கே இளவரசி" என்றார். தலையில் கை வைத்து நூறு வயசு இருக்கணும் என்றார். எல்லோரும் மாறி மாறித் தூக்கினார்கள். கம்பெனியின் ஃபேஸ்புக் பக்கத்தில் போட்டோவும் போட்டாகிவிட்டது.

பிறகு, பிள்ளையும் கையுமாக அவளை அறைக்குள் கூட்டிப்போய் முதலில் மாற்றிய காட்சியைக் காட்டினார். கூடை மேலேயே நின்றது. பார்க்கிறவர்கள் எல்லாம் அழுகிறார்களாம்.

அதற்கப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க முடியாத நிலைமைம்மா. நேரடியா உற்பத்தியில இல்லாதவங்களைக் குறைக்கச் சொல்லிப் பணம் போட்டவங்க நெருக்கறாங்க."

"வீட்டு நிலைமை உங்களுக்குத் தெரியும் சார். ஒரு ஆறு மாசமாவது..."

"தெரியும்மா. தெரிஞ்சதாலதான் நேர்ல கூப்பிட்டேன். ஒரு மெயில்ல தட்டி விடறதுக்கு எனக்கு மனசு கேக்கலை."

லிஃப்ட் வரைக்கும் பிள்ளையை அவரே தூக்கி வந்தார். உச்சி மோந்து அவள் கையில் கொடுத்தார். உள்ளே கையை நீட்டிக் கீழ்த்தளத்துக்கான பொத்தானையும் அவரே அமுக்கிவிட்டார். "இளவரசி, டாட்டா" என்று கையசைத்தார். கண்ணில் நிஜமான தண்ணீர் நின்றது, உதட்டில் பாசமான சிரிப்பு இருந்தது.

கதவு மூடுகிறவரை அவள் அந்த முகத்தை, நெற்றியிலிருந்து தாடை வரை, ஒரு கோடு விடாமல் பார்த்துக்கொண்டாள்.

லிஃப்ட் மெதுவாகக் கீழே இறங்கியது.

பன்னிரண்டாவது முகத்தை அவள் அழிக்க வேண்டியிருக்காது.